ஒத்துவராத சோறு

அண்ணனுக்கு இரத்தப் புற்றுநோய் என்று கேள்விப்பட்ட அன்று நான் இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டேன். நல்லவளாகக் காட்டிக்கொள்ள எனக்கு ஒரு தேவையும் இல்லை, அதனால் உள்ளதைச் சொல்கிறேன். செய்தியைக் கொண்டுவந்தவர் கிளிநொச்சிச் சந்தையில் எங்கள் கத்தரிக்காயை எடுக்கிற வியாபாரி. சொல்லிவிட்டு, மனதைத் தேற்றிக்கொள்ளும்படி எனக்குப் புத்தியும் சொன்னார். என் மனது நன்றாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து, மாமி ஆக்கி வைத்திருந்த சோற்றைப் போட்டு, குழம்பை அள்ளி விட்டு, வயிறு முட்டச் சாப்பிட்டேன்.

அண்ணன் என்று எழுதுவது வேறு சொல் இல்லாததால். பெயர் தயாபரன், என்னைவிட ஐந்து வயது மூத்தவன். எங்கள் அப்பப்பா யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து, இரணைமடுத் தண்ணீர் பாயும் குடியேற்றத் திட்டத்தில் வயல் பெற்றவர். எங்கள் வீட்டுப் பிள்ளைகள் நான்கு பேரில் இரண்டு பேர் முள்ளிவாய்க்காலோடு போய்விட்டார்கள். மிஞ்சியது அம்மாவும் அவனும் நானும். மிஞ்சியவர்கள் ஒருவரை ஒருவர் இறுக்கிப் பிடித்திருக்க வேண்டும். நான் மருதவீரனைக் கட்டியதோடு அவன் கையை விட்டான்.

மருதவீரன் ஜெயபுரத்துக்காரர். அவருடைய தகப்பன் பொன்னையா, கலவரத்துக்குத் தப்பி மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தில் இருந்து வன்னிக்கு வந்து, காடு வெட்டி வயலாக்கியவர். நான் மருமகளாகப் போனபோது அவர் உயிரோடு இல்லை, மாமி மீனம்மாதான் இருந்தார். எங்கள் ஆட்களுக்கு அந்தக் குடும்பங்கள் களை பிடுங்க வேண்டும், நெல் விளைந்தால் அருவி வெட்ட வேண்டும். ஆனால் எங்கள் ஆட்கள் அவர்கள் வீட்டில் ஒரு மிடறு தண்ணீர் குடிக்க மாட்டார்கள். வேலைக்கு வருகிறவர்களுக்குத் தேத்தண்ணி கொடுக்கவென்று தனிக் கோப்பை இருக்கும். குடித்தவர்களே அதைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போக வேண்டும். எங்கள் வீட்டில் அந்தக் கோப்பை வேலிக் கதியால் தடியில் கொழுவியிருந்தது. சின்ன வயதில் நானும் அதில் ஊற்றிக் கொடுத்திருக்கிறேன், அதையும் மறைக்கவில்லை.

அண்ணன் என் கலியாணத்துக்கு வரவில்லை. மகள் தனுஷா பிறந்தபோது எட்டிப் பார்க்கவில்லை. என் புருஷனின் பெயரை ஒருநாளும் சொன்னதில்லை, 'அந்த ஆள்' என்றுதான் ஊரில் சொல்வானாம். இதையெல்லாம் நான் மறந்திருப்பேன். பானையை மறக்கவில்லை.

எட்டு வருடத்துக்கு முன் அம்மா செத்துப்போனார். செத்த வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை, அயலும் உறவும்தான் சோறு கொண்டுவரும். எந்த வீட்டுச் சோறு வந்தது, எந்த வீட்டுச் சோறு வரவில்லை என்று ஊர் பார்த்துக்கொண்டிருக்கும். சம்பந்தி வீட்டுச் சோறு போகாமல் இருக்கக் கூடாது என்று மாமி விடியமுன் எழும்பிச் சமைத்தார். புது அலுமினியப் பானையில் சோறு, அதன்மேல் வாழையிலை போட்டுப் பருப்பும் கத்தரிக்காய்ப் பாற்கறியும். வெள்ளைத் துணியால் வாயைக் கட்டி, மடியில் வைத்துக்கொண்டு, இரண்டு பஸ் மாறி வந்தார்.

நான் உள்ளே அம்மாவின் கால்மாட்டில் இருந்தேன், வாசல் படலையில் நடந்ததைப் பிறகு மற்றவர்கள் சொல்லித்தான் அறிந்தேன். படலையில் வைத்து அண்ணன் அந்தப் பானையை மாமியின் கையில் இருந்து வாங்கினான். வாங்கின கையோடு வாய்க்கால்கரைக்குப் போய்க் கவிழ்த்தான். நாய்கள் ஓடி வந்தன.

"தோட்டக்காட்டுச் சோறு எங்கட குடலுக்கு ஒத்துவராது" என்று முற்றத்தில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கச் சொன்னான். பிறகு பானையை எறிந்தான். அது மதகுக் கல்லில் பட்டு விளிம்பு நெளிந்தது.

மாமி, "சரிங்கய்யா" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

சத்தம் கேட்டு நான் வெளியே வந்தபோது மாமி வாய்க்கால்கரையில் குந்தியிருந்து பானையை மணல் போட்டுத் துலக்கிக்கொண்டிருந்தார். மாமியின் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் பஸ் ஏறினேன். அம்மாவைத் தூக்குகிற நேரம் நான் பரந்தன் சந்தியில் பஸ்ஸுக்குள் இருந்தேன். பெற்ற தாயின் முகத்தைக் கடைசியாகப் பார்க்க விடாமல் செய்தவனை என்ன செய்ய வேண்டும் என்று அன்று தொடங்கி யோசித்துக்கொண்டிருந்தேன். முள்ளிவாய்க்காலில் அவனும் நானும் ஒரே கஞ்சி வரிசையில் கோப்பையோடு நின்றவர்கள். அந்தக் கஞ்சியைக் காய்ச்சியது யார் என்று அவனுடைய குடல் அன்றைக்குக் கேட்கவில்லை.

மாமி அந்த நாளைப் பற்றிப் பிறகு வாயே திறக்கவில்லை. அந்தப் பானையில் உலை வைக்கவும் இல்லை. குசினியில் அடுப்புக்கு மேலுள்ள பரணில் கவிழ்த்து வைத்திருந்தார். ஒருமுறை பழைய சாமான் வாங்குகிறவன் வந்தபோது அதைத் தூக்கிப் போடப் போனேன். மாமி வந்து, பேசாமல் என் கையில் இருந்து வாங்கித் திரும்பவும் பரணில் வைத்தார். நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. கோபம் எல்லாம் என்னுடையது என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

செய்தி வந்து இரண்டு மாதத்தில் அண்ணனின் மனைவி பிரஷாந்தினி எங்கள் படலையைத் திறந்துகொண்டு வந்தாள். மருந்து ஏற்றி முடிந்ததாம், கொழும்பில் ஓர் ஆசுபத்திரியில் குருத்தணு மாற்றினால்தான் தப்புவானாம். கூடப் பிறந்தவர்களின் குருத்தணு பொருந்தினால் நல்லது என்று சொல்லியிருக்கிறார்கள். கூடப் பிறந்தவர்களில் உயிரோடு இருப்பது நான் ஒருத்தி. இதைச் சொல்லி அழுதாள். மாமி தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தார். பிரஷாந்தினி கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள். போகும்போது அது ஆறிப்போய் ஆடை பிடித்து, கதிரையில் அப்படியே இருந்தது.

நான் சம்மதித்தேன். மருதவீரன் என்னைப் பெருமையாகப் பார்த்தார், என்ன இருந்தாலும் இரத்த பாசம் என்றார். பாசமும் இல்லை, ஒன்றும் இல்லை. அவன் செத்துப்போனால் நான் யாரைப் பழிவாங்குவது? ஊர் கூடி அவனை நல்லவன் என்று சொல்லி எரித்துவிடும். எனக்கு அவன் உயிரோடு வேண்டும். எங்கள் வீட்டு முற்றத்தில் இருந்து, ஊர் பார்க்க, மாமி போட்ட சோற்றைத் தின்ன வேண்டும். அதற்கு முதல் அவன் சாகக் கூடாது.

பொருந்தியது. தேனுகா என்ற டொக்டர் பிள்ளை, வவுனியாக்காரி, எனக்கு எல்லாவற்றையும் தமிழில் பொறுமையாகச் சொன்னாள். என்னில் இருந்து எடுக்கிற குருத்தணுக்கள் அவனுடைய எலும்புக்குள் போய்க் குடியிருந்து புது இரத்தம் உண்டாக்குமாம். அவனுடைய இரத்த வகைகூட மாறி என்னுடையதாகிவிடுமாம். அந்த இரத்தத்தைச் சோதித்தால் பெண்ணின் இரத்தம் என்று காட்டுமாம். இதை நான் இரண்டாம் தரமும் சொல்லச் சொல்லிக் கேட்டேன். பிள்ளை நான் பயந்துவிட்டதாக நினைத்து, ஆபத்தில்லை அக்கா என்றாள். ஐந்து நாள் ஊசி போட்டார்கள், எலும்பெல்லாம் உளைந்தது. பிறகு இரண்டு கையிலும் குழாய் பூட்டி, அரை நாள் ஓர் இயந்திரத்துக்குப் பக்கத்தில் படுத்திருந்தேன். மாமி ஆக்கிப் போட்ட சோற்றில் பதினைந்து வருடம் ஊறின இரத்தம் அவனுக்குள் போகப் போகிறது என்று நினைத்தபோது உளைவு தெரியவில்லை.

மூன்று கிழமையில் என் அணுக்கள் அவனுக்குள் பிடித்துவிட்டன என்று சொன்னார்கள். ஐந்தாவது கிழமை அவனுக்கு வயிறு கழியத் தொடங்கியது. நாளுக்கு ஐந்து தரம், பிறகு பத்து, பிறகு பதினைந்து. கஞ்சித்தண்ணிகூட உள்ளே நிற்கவில்லை. டொக்டர் பிள்ளை எங்களை வரச் சொல்லி அனுப்பினாள்.

அவள் சொன்னதை நான் விளங்கிக்கொண்ட மாதிரி எழுதுகிறேன். என்னுடைய இரத்தம் அவனுக்குள் போய், அவனுடைய உடம்பைப் பார்த்து, இது யார் என்று கேட்கிறதாம். தனக்கு வேண்டாத ஆள் என்று முடிவெடுத்து, அவனுடைய குடலைத் தாக்குகிறதாம். நான் வாயைப் பொத்திக்கொண்டு கீழே குனிந்தேன். அழுகிறேன் என்று நினைத்து, பிள்ளை என் முதுகைத் தடவினாள். நான் சிரித்துக்கொண்டிருந்தேன். எட்டு வருடமாக நான் செய்ய முடியாததை என் இரத்தம் ஐந்து கிழமையில் செய்துவிட்டது.

அடுத்து அவள் சொன்னதில் என் சிரிப்பு நின்றது. இப்படியே போனால் ஆள் ஒரு மாதம் தாங்காது.

மனிதக் குடலுக்குள் கோடிக் கோடியாக நல்ல கிருமிகள் இருக்கின்றனவாம். சாப்பாட்டைச் செரிக்க வைப்பதும், குடலின் தோலைக் காப்பதும், இரத்தத்தில் உள்ள காவல் அணுக்களைச் சாந்தமாக வைத்திருப்பதும் அவைதானாம். புற்றுநோய் மருந்தும், காய்ச்சலுக்குக் கொடுத்த கிருமிகொல்லி மருந்துகளும் அவனுடைய வயிற்றில் இருந்த அத்தனையையும் அழித்துவிட்டன. இப்போது ஒரேயொரு கெட்ட இனம் மட்டும் பெருகி, முழுக் குடலையும் பிடித்திருக்கிறது. களைநாசினி கூடிப்போன வயலில் கோரை மட்டும் எழும்பி நிற்குமே, அதுதான் என்று எனக்கு விளங்கியது. குடலில் காவல் இல்லாததால் என் அணுக்களின் கோபமும் தணியவில்லை. வழக்கமான மருந்து கேட்கவில்லை. இன்னொரு வழியை அங்கே ஆராய்ச்சியாகச் செய்து பார்க்கிறார்களாம். சுகதேகியான ஒருவரின் மலத்தை எடுத்து, சோதித்து, வடித்து, அதில் உள்ள நல்ல கிருமிகளை நோயாளியின் குடலுக்குள் விடுவது.

நான் திரும்பக் கேட்டேன், எதை எடுத்து என்று. பிள்ளை மலம் என்றுதான் சொன்னாள்.

பிரஷாந்தினியிடம் எடுக்க முடியாது. மாதக்கணக்காக ஆசுபத்திரியில் கிடந்ததால் அங்குள்ள கிருமிகள் அவளுக்கும் தொற்றியிருந்தன. என்னிடமும் முடியாது. போன மாதம் வயலில் ஆணி குத்திக் காலில் சீழ் வைத்து, நானும் கிருமிகொல்லிக் குளிசை விழுங்கியிருந்தேன். மருந்து அதிகம் தொடாத, நோய் வருத்தம் இல்லாத, வீட்டுச் சாப்பாடு சாப்பிடுகிற ஓர் ஆள் வேண்டும் என்றாள் டொக்டர் பிள்ளை. பனடோலைத் தவிர வேறு குளிசையை அறியாத என் புருஷன் சுவரில் சாய்ந்து நின்று, மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பிள்ளையும் ஒரே நேரத்தில் அவரைத் திரும்பிப் பார்த்தோம்.

அவர் தயங்கவே இல்லை. வயலுக்கு எரு போடுகிற மாதிரித்தானே என்றார். சோதனைகள் எடுத்தார்கள். முடிவு வரப் பன்னிரண்டு நாள் ஆகும், அதுவரை வீட்டில் வழக்கமாகச் சாப்பிடுவதையே சாப்பிட வேண்டும், ஒன்றையும் மாற்றக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள்.

வீட்டுக்கு வந்ததும் மாமியிடம் நடந்ததெல்லாவற்றையும் சொன்னேன். சொல்லும்போது என் குரலில் இருந்த சந்தோஷத்தை நானே கேட்டேன். மாமி சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். இனி நீங்கள் ஆக்குகிற சோறுதான் அவனைத் தப்பவைக்கப் போகிறது என்று சொன்னபோதும் நிமிர்ந்து பார்க்கவில்லை. பன்னிரண்டு நாளும் வழக்கம் போல ஆக்கினார். விடிய பழஞ்சோறும் மோரும் வெங்காயமும், மத்தியானம் சோறும் கீரையும் பருப்பும், பின்னேரம் குரக்கன் ரொட்டி. மகனுக்குப் போடும்போது ஒருபிடி கூடவும் போடவில்லை, குறைக்கவும் இல்லை.

மருதவீரன் சோதனைகள் எல்லாவற்றிலும் தேறினார். ஆனால் நாங்கள் திரும்பக் கொழும்புக்குப் போனபோது பிரஷாந்தினி வாசலிலேயே நின்றாள். அண்ணன் கையெழுத்துப் போட மாட்டானாம். யாரிடம் இருந்து எடுக்கிறார்கள் என்று கேட்டானாம், இவள் சொல்லிவிட்டாளாம். செத்தாலும் பரவாயில்லை என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவன் இரண்டு நாளாகத் திரும்பவில்லையாம்.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. என்னிடம் இருந்து தப்பி ஓடப் பார்க்கிறான் என்றுதான் தோன்றியது. மேலங்கியும் முகமூடியும் போடவைத்து என்னை உள்ளே விட்டார்கள். அவன் கட்டிலில் எலும்பும் தோலுமாகக் கிடந்தான். தலையில் மயிர் இல்லை. உள்ளங்கைத் தோல் உரிந்திருந்தது. அறை முழுக்க நாறியது. பதினைந்து வருடத்தில் அவனுக்கு இவ்வளவு கிட்ட நான் நின்றதில்லை. மூக்கு மட்டும் அம்மாவின் மூக்காக அப்படியே இருந்தது, அதை நான் பார்க்காமல் விட்டேன்.

"வேறை ஆளில்லையோ?" என்றான்.

"இல்லை" என்றேன். "உனக்குள்ளை இப்ப ஓடுறது என்ரை ரத்தம். அது பதினைஞ்சு வருசம் மீனம்மா மாமியின்ரை சோத்திலை ஊறினது. இனி எதை மிச்சம் பிடிக்கப் பாக்கிறாய்?"

அவன் கண்ணை மூடினான். ஓரத்தால் நீர் வழிந்து காதுக்குள் போனது, துடைக்கக் கையில் பலம் இல்லை. நானும் துடைக்கவில்லை. கொஞ்ச நேரத்தால் கடதாசியைக் கொண்டுவரச் சொன்னான், கையெழுத்து வைக்கிறேன் என்றான்.

"கையெழுத்தை டொக்டரிட்டைக் குடு. எனக்கு வாயாலை வேணும். அவர் வெளியிலை நிக்கிறார். முறை சொல்லிக் கூப்பிட்டுக் கேள்."

மருதவீரனை உள்ளே கூப்பிட்டேன். அவருக்கு அந்த மேலங்கி கட்டையாக இருந்தது. என்ன நடக்கிறது என்று விளங்காமல் கட்டிலடியில் வந்து நின்றார். அண்ணன் அவரை மேலும் கீழும் பார்த்தான். தொண்டை வறண்டிருந்ததால் முதல் தரம் சத்தம் வரவில்லை. இரண்டாம் தரம் வந்தது.

"மச்சான்" என்றான். "எனக்குத் தாங்கோ."

"ஓம் மச்சான், அதுக்கென்ன, நீங்கள் படுங்கோ" என்றார் என் புருஷன், பக்கத்து வயல்காரன் மண்வெட்டி இரவல் கேட்ட மாதிரி. எனக்கு அவர்மேல் ஆத்திரம் வந்தது. பதினைந்து வருடம் காத்திருந்த சொல், அதை ஒரு நிமிடமாவது தொங்க விட்டிருக்கலாம்.

அவரை வெளியே அனுப்பிவிட்டு மற்றதையும் சொன்னேன். சுகமானபிறகு பட்டப்பகலில் எங்கள் வீட்டுக்கு வர வேண்டும், ஊர் பார்க்க இருந்து மாமி ஆக்கின சோற்றைத் தின்ன வேண்டும். வருகிறேன் என்றான். எனக்கு அது போதவில்லை, சத்தியம் கேட்டேன்.

"அம்மாவாணை" என்றான்.

அடுத்த நாள் அவனுடைய மூக்கு வழியாகக் குழாய் விட்டு அதை உள்ளே செலுத்தினார்கள். கண்ணாடிக்கு வெளியில் நின்று பார்த்தேன். பெரிய ஊசிக்குழலில், பால் விடாத தேத்தண்ணி நிறத்தில் இருந்தது. மூக்கால் இறங்கித் தொண்டையைத் தாண்டி அது போவதை முழுக்கப் பார்த்துவிட்டுத்தான் அங்கிருந்து நகர்ந்தேன். ஒரு கிழமை கழித்து இன்னொரு தரம் செய்தார்கள்.

பத்தாம் நாள் வயிற்றோட்டம் பாதியானது. மூன்றாம் கிழமை கஞ்சி நின்றது. பிறகு எடுத்த சோதனையில் பல இனக் கிருமிகள் அவன் குடலில் முளைத்திருப்பதாகவும், அவற்றில் அதிகமானவை மருதவீரனிடம் இருந்தவை என்றும் தேனுகா சொன்னாள். ஆனால் இதனால்தான் சுகமானது என்று அவள் அடித்துச் சொல்லவில்லை. வேறு மருந்தும் கொடுத்தோம் அக்கா, எல்லாருக்கும் இப்படிப் பிடிப்பதில்லை என்றாள். எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. மாமியின் பழஞ்சோறு அவனைத் தூக்கி நிறுத்திவிட்டது, இனி நடந்து வர வேண்டியதுதான் பாக்கி.

நடந்து வர ஒன்பது மாதம் பிடித்தது. வெளிச் சாப்பாடு கூடாது, பச்சையாக எதுவும் கூடாது, ஆட்கள் கூடுகிற இடம் கூடாது என்று டொக்டர்மார் தள்ளிக்கொண்டே போனார்கள். கடைசியில், அடுப்பில் இருந்து இறக்கின சூடான சோறு கறி எங்கேயும் சாப்பிடலாம், திறந்த வெளியில் ஆட்கள் தள்ளி இருந்தால் போதும் என்று விட்டார்கள். பிரஷாந்தினி தொலைபேசியில் சொன்ன அன்றே நாள் குறித்தேன். மாமியிடம் போய், வருகிற ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வருகிறான், அம்மா செத்த அன்று நீங்கள் கொண்டுவந்த அதே கறிகளைச் சமையுங்கள் என்றேன். மாமி, "ஆக்குறேன்" என்றார்.

அயலில் ஏழு வீட்டுக்குச் சொன்னேன். எல்லாம் தோட்டத்தில் இருந்து வந்த குடும்பங்கள், எல்லாருக்கும் பானைக் கதை தெரியும். மருதவீரனுக்கு இது பிடிக்கவில்லை. வருத்தக்கார மனிசனை ஊர் கூட்டி வைத்து வேடிக்கை பார்க்கிறதா என்று முணுமுணுத்தார். ஊர் கூட்டித்தானே கொட்டினான் என்றேன். அவர் லாண்ட்மாஸ்டர் உழவு மெஷினை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போய்விட்டார்.

பன்னிரண்டு மணி வெயிலில் ஓட்டோ வந்து நின்றது. அண்ணன் தொப்பியும் முகமூடியுமாக, பிரஷாந்தினியின் தோளைப் பிடித்து இறங்கினான். முற்றத்து வேம்பின் கீழ் பாய் விரித்து, அவனுக்கு மட்டும் தள்ளி ஒரு கதிரையும் ஸ்டூலும் போட்டிருந்தேன். ஸ்டூலில் சோற்றுக் கோப்பை, எங்கள் வீட்டில் நாங்கள் சாப்பிடுகிற கோப்பை. அவன் வந்து இருந்து, முகமூடியைக் கழற்றி, எல்லாரையும் பார்த்துத் தலையசைத்தான்.

மாமி குசினியில் இருந்து வந்தார். இடுப்பில் அந்தப் பானை இருந்தது. எட்டு, ஒன்பது வருடம் பரணில் கிடந்ததை இறக்கித் துலக்கி, அதிலேயே சோறு ஆக்கியிருந்தார். நெளிந்த விளிம்பு வெயிலில் பளபளத்தது. அண்ணன் அதை உடனே அடையாளம் கண்டான், அவன் முகத்தில் தெரிந்தது.

மாமி முதலில் ஏழு வீட்டு ஆட்களுக்கும் போட்டார். பிறகு ஓட்டோக்காரரைக் கூப்பிட்டு இருத்திப் போட்டார். பிரஷாந்தினிக்குப் போட்டார், அவள் குனிந்த தலையோடு வாங்கினாள். எனக்குப் போட்டார், தனுஷாவுக்குப் போட்டார். அண்ணன் இரண்டு கையாலும் கோப்பையை எடுத்து நீட்டினான். மாமி அவனைக் கடந்து போய்ப் பானையைத் திண்ணமாக ஒரு பலகையில் வைத்து மூடினார்.

மறந்துவிட்டார் என்று நினைத்தேன். "மாமி, அண்ணாவுக்கு" என்றேன்.

மாமி சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு அவனுக்கு முன்னால் வந்து நின்றார். குரலை உயர்த்தவில்லை.

"எங்க வீட்டுலருந்து ஒங்களுக்கு வேண்டியது ஏற்கனவே வயித்துக்குள்ள போயிருச்சு தம்பி" என்றார். "சோறு கேக்காதீங்க. அது ஒங்க குடலுக்கு ஒத்துவராது."

ஒருவரும் வாயில் வைத்ததை மெல்லவில்லை. மாமி போய்ப் பானைக்குப் பக்கத்தில் இருந்துகொண்டார்.

நான் எழும்பி அவர் காதடியில் போய், என்ன மாமி இது, அம்மாமேல் சத்தியம் பண்ணிவிட்டு வந்திருக்கிறான் என்றேன்.

"நீ சத்தியம் வாங்குன, புள்ள" என்றார் மாமி. "நான் போடுறேன்னு சொன்னேனா?"

சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. பானை அவருடையது, சோறு அவருடையது, நாய் தின்றதும் அவர் கையால் ஆக்கினதை. இத்தனை வருடமும் அதையெல்லாம் நான் என்னுடையது என்று தூக்கிக்கொண்டு திரிந்திருக்கிறேன். எனக்கு மாமிமேல் கோபமும் வந்தது, வெட்கமும் வந்தது. எது முந்தி வந்தது என்று இப்போதும் தெரியவில்லை.

அண்ணன் வெறுங்கோப்பையைப் பிடித்துக்கொண்டு எழும்பினான். பிரஷாந்தினி பிடிக்கப் போனாள், கையை விலக்கினான். தானே மெல்ல மெல்லக் கிணற்றடிக்கு நடந்து போய், ஒரு பருக்கைகூடப் படாத அந்தக் கோப்பையைக் கழுவினான். கழுவி, வேலிக் கதியாலடியில் கவிழ்த்து வைத்தான். மாமி அதைப் பார்த்துக்கொண்டிருந்தார், வேண்டாம் என்று சொல்லவில்லை. அவன் திரும்பி வந்து, மாமிக்கு முன்னால் ஒருமுறை நின்றான். பிறகு ஓட்டோவில் போய் ஏறினான்.

அன்று என்னால் சாப்பிட முடியவில்லை. போட்ட சோறு என் கோப்பையில் காய்ந்துபோய்க் கிடந்தது. மாமி, எல்லாரும் போன பிறகு, நெளிந்த பானையை மடியோடு அணைத்து வைத்துக்கொண்டு, இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டார்.